தம் நூலைத் தாமே திருத்திய புலவர்: ஜான் டிரைடன்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கில இலக்கியத்தின் தலைமையிடத்தில் வீற்றிருந்தவர் ஜான் டிரைடன். கவிஞர், நாடக ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், திறனாய்வாளர் என நான்கு துறைகளிலும் ஒருங்கே புகழ் பெற்ற அவருடைய பெயராலேயே அக்காலப் பகுதியை இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் வழங்குவர். அவர் இயற்றிய நாடகங்களுள் பல இன்று மேடையேறுவதில்லை. அரசியல் அங்கதப் பாடல்களோ அடிக்குறிப்புகளின் துணையின்றி விளங்குவதில்லை. ஆயினும், 1672ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையின் இடையே அவர் எழுதிச் சென்ற ஒரு சிறு குறிப்பு, மூன்றரை நூற்றாண்டுகள் கடந்த பின்னும், ஆங்கிலம் பயில்வோரையும் எழுதுவோரையும் விடாது தொடர்ந்து வருகிறது. ஆங்கில வாக்கியத்தை முன்னிடைச்சொல்லால் முடித்தல் ஆகாது என்னும் கட்டுப்பாடே அது.

மறைந்துபோன ஒரு பெரும்புலவரின் மீது சாட்டப்பட்ட குற்றமாக அக்குறிப்பு எழுந்தது. ஆனால் அதே வரியிலேயே டிரைடன் தம்மையும் குற்றவாளியாக நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தார் முற்பகுதியை மட்டும் சட்டமாக எடுத்துக்கொண்டு, பிற்பகுதியில் இருந்த ஐயத்தையும் அடக்கத்தையும் மறந்தனர். அந்த ஐயம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

டிரைடன் 1631ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த ஆல்ட்விங்கிள் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக விளங்கியவர். தந்தை எராஸ்மஸ் டிரைடன். தாய் மேரி பிக்கரிங். அவர்களுடைய பதினான்கு மக்களுள் மூத்தவர் ஜான். குடும்பத்தார் பியூரிடன் நெறியினர். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட பூசலில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றவர்.

இத்தகைய குடும்பத்துப் பிள்ளை பயின்ற பள்ளியோ மன்னர்மீது பற்றுக் கொண்ட ஆசிரியரின் பள்ளியாக அமைந்தது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியின் தலைமையாசிரியர் ரிச்சர்டு பஸ்பி, கல்விக்கும் பிரம்புக்கும் ஒருங்கே பெயர் பெற்றவர். அக்காலப் பள்ளிக் கல்வி என்பது பெரிதும் இலத்தீன் கல்வியே. இலத்தீனிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து இலத்தீனுக்கும் மாற்றி மாற்றி எழுதுவதே மாணவரின் அன்றாடப் பயிற்சி. உரோமானியக் கவிஞர் பெர்சியஸின் அங்கதப் பாடலொன்றைப் பள்ளிப் பயிற்சியாகவே டிரைடன் ஆங்கிலப்படுத்தியது உண்டு. பல்லாண்டுகளுக்குப் பின்னர் 1693இல் பெர்சியஸின் மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, அதன் ஒரு பகுதியைத் தம் ஆசிரியர் பஸ்பிக்கே நன்றியுடன் உரிமையாக்கினார்.

தாய்மொழியைக் காட்டிலும் இலத்தீனுக்கே இலக்கணம் உண்டு, வரம்பு உண்டு, மாறா நிலை உண்டு என்னும் எண்ணம் இப்பள்ளியில்தான் அவருள் வேரூன்றியது எனலாம். ஆங்கிலத்தை யாரும் அவருக்கு இலக்கண முறைப்படி கற்பிக்கவில்லை. அது வீட்டிலும் வீதியிலும் தானே வந்த மொழி. இலத்தீனோ பிரம்பின் நிழலில் வந்த மொழி. தானே வந்ததைவிட அடிபட்டுக் கற்றதையே மேலானதாக மதிக்கும் மனநிலை அக்காலக் கல்வியாளர் பலருக்கும் பொதுவாக இருந்தது.

ஆட்சிகள் மாறிய காலம்

1649ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கு அணித்தே உள்ள ஒயிட்ஹால் அரண்மனை முன்றிலில் முதலாம் சார்லசு மன்னர் தலை துணிக்கப்பட்டார். அப்போது டிரைடனுக்கு அகவை 17. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1654இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் தந்தையார் மறைந்தார். சிறிய அளவிலான நிலவுடைமை அவரை வந்தடைந்தது. அது ஒருவர் எளிமையாக வாழப் போதுமேயன்றி வளமாக வாழப் போதாது.

பின்னர் இலண்டனில் ஆலிவர் கிராம்வெலின் ஆட்சியில் பணியாற்றினார். 1658இல் கிராம்வெலின் இறுதி ஊர்வலத்தில் மில்டன், மார்வெல் ஆகிய கவிஞர்களோடு டிரைடனும் நடந்து சென்றார். மறைந்த தலைவரைப் போற்றி 1659இல் பாடல் வெளியிட்டார். 1660இல் இரண்டாம் சார்லசு நாடு திரும்பியபோது, அவரை வரவேற்றும் பாடல் இயற்றினார். இவ்வாறு ஓராண்டு இடைவெளியில் இரு தரப்பாரையும் பாடியமை அவர்மீது வாழ்நாள் முழுவதும் பகைவர் வீசிய கல்லாயிற்று. நாடே அவ்வாறு மாறிய காலம் அது என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1663இல் பெர்க்ஷயர் பிரபுவின் மகளாகிய எலிசபெத் ஹோவர்டு சீமாட்டியை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். இதற்கு முந்திய ஆண்டே அறிவியலாளர் கூடி நிறுவிய ராயல் சொசைட்டியின் உறுப்பினராக டிரைடன் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1664ஆம் ஆண்டு இறுதியில் அச்சங்கம் ஆங்கில மொழியைச் செம்மைப்படுத்துவதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதில் டிரைடனும் இடம் பெற்றார். குழுவினர் சில முறை கூடிப் பேசினர். பயன் ஒன்றும் விளையவில்லை. சந்தா செலுத்தாமையால் டிரைடனின் உறுப்பினர் உரிமையும் சில ஆண்டுகளில் நீங்கிற்று. ஆயினும், ஆங்கிலத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும், பிரெஞ்சு மொழிக்கு 1635இல் அமைந்தது போன்ற ஓர் அவை வேண்டும் என்னும் வேட்கை அவரை விட்டு அகலவில்லை.

படகில் நிகழ்ந்த உரையாடல்

1642 முதல் மூடிக்கிடந்த நாடக அரங்குகள் 1660இல் மீண்டும் திறந்தன. டிரைடன் நாடகம் எழுதி வாழ முனைந்தார். 1665இல் இலண்டனைப் பெருங்கொள்ளைநோய் சூறையாடியது. அரங்குகள் மீண்டும் அடைபட்டன. டிரைடன் குடும்பத்தோடு வில்ட்ஷயரிலுள்ள சார்ல்டன் என்னும் ஊரில் மாமனாரின் மாளிகையில் தங்கினார். நாடகம் எழுதியும் பயனில்லாத அந்நாட்களில் அவர் நாடகக் கலையைப் பற்றிச் சிந்தித்து எழுதிய உரைநடை நூலே நாடகக் கவிதை பற்றிய கட்டுரை. அது 1668இல் வெளிவந்தது.

நூலின் அமைப்பு புதுமையானது. டச்சுக் கடற்படையோடு ஆங்கிலக் கடற்படை போர் புரிந்த 1665ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள், நண்பர் நால்வர் தேம்ஸ் ஆற்றில் படகேறிச் செல்கின்றனர். தொலைவில் பீரங்கி முழக்கம் கேட்கிறது. முழக்கம் மெல்லத் தேய, போரில் தம் நாட்டவர் வென்றனர் என்று உணர்ந்த நண்பர்கள் இலக்கியப் பேச்சில் இறங்குகின்றனர். பழமை சிறந்ததா, புதுமை சிறந்ததா? பிரெஞ்சு நாடகம் உயர்ந்ததா, ஆங்கில நாடகம் உயர்ந்ததா? நாடகத்துக்கு எதுகை வேண்டுமா? இவ்வினாக்கள் நால்வரிடையே பந்துபோல் எறியப்படுகின்றன. ஷேக்ஸ்பியரின் பெருமையைக் குறையோடும் நிறையோடும் எடையிட்ட முதல் திறனாய்வுகளுள் ஒன்று இந்நூலில் உள்ளது. பென் ஜான்சனின் நாடகம் ஒன்றும் விரிவாக ஆராயப்படுகிறது.

இந்நூலின் உண்மையான வெற்றி அதன் நடையில் உள்ளது. அதற்கு முந்திய ஆங்கில உரைநடை பெரும்பாலும் நீண்டு வளைந்த வாக்கியங்களால் ஆனது. டிரைடனின் உரைநடையோ கற்றறிந்த ஒருவர் நண்பரோடு அமர்ந்து பேசுவது போன்றது. வாக்கியங்கள் எங்குத் தொடங்க வேண்டுமோ அங்குத் தொடங்கி, பேச்சு எங்கு நிற்குமோ அங்கு நின்றன. அவற்றுள் பல, பேச்சு வழக்கிற்கேற்ப, முன்னிடைச்சொல்லிலும் நின்றன. 1668இல் அதனைக் குறையென்று டிரைடனும் எண்ணவில்லை.

சிறுசொல் எழுப்பிய வழக்கு

முன்னிடைச்சொல் என்பது யாது என்பதைத் தமிழ் வழக்கோடு ஒப்பிட்டுக் காண்பது எளிது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டி வரும். ஊரில், ஊருக்கு, ஊரிலிருந்து என்பர். ஆங்கிலத்தில் இப்பொருளைத் தரும் இன், டு, ஃப்ரம் முதலிய சிறுசொற்கள் பெயரின் முன்னே தனித்து நிற்கும். அதனாலேயே அவை அப்பெயர் பெற்றன. அவன் வந்த ஊர் என்று தமிழில் பெயரெச்சமாகக் கூறும்போது உருபு முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அச்சிறுசொல் மறைய இயலாது. பெயர் முன்னே போய்விட்டமையால், ஃப்ரம் என்பது தொடரின் ஈற்றில் தனியே நின்றுவிடுகிறது. அல்லது, விச் என்னும் சொல்லைத் துணைக்கு அழைத்து, அதற்கு முன்னே ஃப்ரம் என்பதைக் கொண்டுபோய் நிறுத்தல் வேண்டும். முதலாவது வீட்டிலும் சந்தையிலும் பேசும் முறை. இரண்டாவது இலத்தீன் வாக்கிய அமைப்போடு ஒத்துப்போகும் முறை. சிறுசொல்லைத் தொடரின் ஈற்றில் விடும் வழக்கம் பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே, அஃதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே அம்மொழியில் உண்டு. ஷேக்ஸ்பியர் அதனைத் தயக்கமின்றி ஆண்டார்.

1668இல் டிரைடன் அரசவைக் கவிஞராகவும், 1670இல் அரசவை வரலாற்றாசிரியராகவும் அமர்த்தப்பட்டார். மன்னர் நாடகக் குழுவிற்கு ஆண்டுக்கு மூன்று நாடகம் எழுதித் தருவதாக உடன்படிக்கையும் செய்துகொண்டார். புகழின் உச்சியில் அவர் இயற்றிய கிரனடா வெற்றி என்னும் இருபகுதி நாடகம் 1670ஆம் ஆண்டு இறுதியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் மேடையேறியது. அதன் முடிவுரைப் பாடலில், முந்தைய தலைமுறைப் புலவரைக் காட்டிலும் இத்தலைமுறையார் மொழியாலும் நகைச்சுவையாலும் திருந்தியவர் என்று டிரைடன் துணிந்து பாடிவிட்டார். ஷேக்ஸ்பியரையும் ஜான்சனையும் போற்றியவர்கள் சினந்தனர். அவர்களுக்கு விடையாக, 1672இல் அந்நாடகம் அச்சானபோது, முடிவுரைக்குக் காப்புரையாக ஒரு கட்டுரையை டிரைடன் சேர்த்தார்.

கட்டுரையில் பழம்புலவரின் மொழிக் குற்றங்களை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. எளிதில் பிழை காண இயலாதவர் எனக் கருதப்பட்ட பென் ஜான்சனையே அவர் தேர்ந்தெடுத்தார். ஜான்சன் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கண நூலே எழுதி வைத்தவர். அவர் 1637இல் மறைந்த பின்னர் அந்நூல் அச்சாயிற்று. 1611இல் மேடையேறிய அவருடைய கேட்டிலைன் என்னும் நாடகத்தை எடுத்துக்கொண்டு, அடியடியாக டிரைடன் குற்றம் கண்டார். உயிர்கள் அஞ்சி விட்டோடிய உடல்களைப் பற்றிய ஓரடி ஃப்ரம் என்னும் சிறுசொல்லில் முடிந்திருந்தது. முன்னிடைச்சொல்லை ஈற்றில் வைத்தல் ஜான்சனிடம் மிகுதியாகக் காணப்படும் குற்றம் என்று சுட்டிய டிரைடன், அது தம் எழுத்திலும் உண்டென்பதை அண்மையில்தான் கண்டுகொண்டதாகவும் ஒப்புக்கொண்டார். குற்றம் என்றாரேயன்றி, ஏன் குற்றம் என்பதற்குக் காரணம் கூறவில்லை.

இக்கட்டுரையில் ஒரு முரண்பாடும் உண்டு. புதிய தலைமுறையின் மொழி திருந்தியதற்குக் காரணம் அரசவையின் பண்பட்ட உரையாடலே என்று அவர் அதில் வாதிட்டார். உரையாடலே அளவுகோல் எனின், உரையாடலில் இயல்பாக நிகழும் ஒரு வழக்கைக் குற்றம் எனல் எங்ஙனம் பொருந்தும்? அரசவையில் உரையாடியவரும் அச்சிறுசொல்லை ஈற்றில் வைத்தே உரையாடினர்.

இலத்தீன் என்னும் உரைகல்

டிரைடன் கூறாது விட்ட காரணத்துக்கு ஒரு குறிப்பு ஏழாண்டுகள் கழித்துக் கிடைக்கிறது. 1679இல் ட்ராய்லஸும் கிரெசிடாவும் என்னும் நாடகத்தின் உரிமையுரையில், ஆங்கிலம் எழுதும்போது தாம் படும் தடுமாற்றத்தை அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். தாம் எழுதிய தொடர் மொழியின் மரபா, அன்றி மரபென்னும் பெயரில் நுழைந்த பிழையா என்று தெளிய இயலாதபோது, அதனை இலத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தமக்கில்லை என்பது அவர் கருத்து. இலத்தீன் என்னும் உரைகல்லில் ஆங்கிலத்தை உரைத்து மாற்றுக் கண்டார் என்று சுருங்கச் சொல்லலாம்.

நாட்டின் முதற்கவிஞர், தம் தாய்மொழித் தொடர் ஒன்று சரியா என அறிய வேற்றுமொழியின் வாயிலில் நிற்கிறார். அவருக்குத் துணைபுரிய அகரமுதலி இல்லை; நம்பத்தக்க இலக்கண நூல் இல்லை; அவை இல்லை. சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வெளிவர இன்னும் எழுபத்தாறு ஆண்டுகள் இருந்தன. தாய்மொழியின்மீது அவருக்குப் பற்று இல்லாமல் இல்லை. பற்று மிகுந்தமையாலேயே அதற்கு உயர்ந்த மொழிகளுக்குரிய ஒழுங்கு வேண்டும் என விரும்பினார். ஆனால் அவர் அறிந்த ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான். அது பஸ்பியின் பள்ளியில் கற்ற ஒழுங்கு. இலத்தீனில் முன்னிடைச்சொல் ஈற்றில் தனித்து நிற்பதில்லை. ஆகவே ஆங்கிலத்திலும் அது நிற்றல் ஆகாது என அவர் எண்ணியிருத்தல் கூடும்.

இதனால் டிரைடனைக் கடுமையான இலக்கணவாதி என்று கொள்ளுதல் தவறு. தாம் பற்றியிருந்த கொள்கைகளை மாற்றிக்கொள்ள அவர் அஞ்சியவர் அல்லர். நாடகத்துக்கு எதுகை வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதிட்டார். தில்லியில் முகலாயப் பேரரசர் அவுரங்கசீப் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தபோதே அவர் பெயரில் 1675இல் எதுகை நாடகம் ஒன்றை இயற்றினார். அதன் முன்னுரைப் பாடலிலேயே எதுகையில் தமக்குச் சலிப்புத் தட்டிவிட்டதையும் உணர்த்தினார். 1677இல் அந்தோனி, கிளியோபாத்ரா கதையை எதுகையின்றியே பாடினார். எதுகைக் கொள்கையைக் கைவிட்டவர் முன்னிடைச்சொல் பற்றிய ஐயத்தை மட்டும் கைவிடவில்லை.

திருத்தப்பட்ட பதிப்பு

1684இல் நாடகக் கவிதை பற்றிய கட்டுரையின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. முதற்பதிப்பு வெளிவந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. டிரைடனுக்கு அகவை ஐம்பதைத் தாண்டிவிட்டது. அரசு தர வேண்டிய ஊதியம் பல காலாண்டுகளாக நிலுவையில் கிடந்தது. வறுமையையும் உடல்நலக் குறைவையும் எடுத்துக்கூறி, பாக்கியில் ஒரு பகுதியையாவது தந்துதவுமாறு கருவூல அதிகாரிக்கு அவர் மடல் எழுதியதும் ஏறத்தாழ இக்காலத்திலேதான். இத்தகைய நெருக்கடியில், விற்பனைக்கு யாதொரு பயனும் தராத ஒரு வேலையை அவர் மேற்கொண்டார். பழைய நூலை எடுத்து, தொடர்தொடராகப் படித்து, ஈற்றில் நின்ற முன்னிடைச்சொற்களைப் பெயர்த்து முன்னே நட்டார். தாம் வாழும் காலம் என்னும் பொருளுடைய தொடரில் இன் என்னும் சொல் ஈற்றில் நின்றது. அது விச் என்பதற்கு முன்னே சென்றது. பிறவும் இவ்வாறே.

இத்திருத்தங்களை அவர் முரசறைந்து அறிவிக்கவில்லை. 1800இல் எட்மண்டு மலோன் என்னும் அறிஞர் டிரைடனின் உரைநடை நூல்களைப் பதிப்பித்தபோது, இரு பதிப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, மாற்றங்களை எடுத்துக்காட்டினார்.

திருத்தத்தால் நூல் கெட்டுவிடவில்லை. ஆனால் படகிலிருந்து பேசிய நண்பர்களின் குரலில் ஒரு சிறு மாறுதல் நேர்ந்தது. ஆற்றுக்காற்றில் பேசியவர்கள் ஆங்காங்கே அவைக்களத்தில் பேசுபவர் போல ஆயினர். ஆங்கில உரைநடையைப் பேச்சின் அருகே கொண்டுவந்த கையே, அதனைப் பேச்சிலிருந்து ஓரடி விலக்கியும் வைத்தது.

புகழும் பகையும்

எழுத்தால் வந்த இடர்கள் டிரைடனுக்குப் பல. 1679ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் இரவு, கோவென்ட் கார்டன் பகுதியில் ரோஸ் சந்து வழியே வீடு திரும்பிய அவரைக் கூலிப்படையினர் தாக்கிப் படுகாயப்படுத்தினர். அங்கதப் பாடல் ஒன்றுக்குப் பழிவாங்கவே அது நிகழ்ந்தது எனக் கருதினர். குற்றவாளிகளைக் காட்டிக்கொடுப்போர்க்கு ஐம்பது பவுன் பரிசு அறிவித்தும் பயனில்லை. 1681இல் அரசுரிமைப் பூசலை விவிலியக் கதையின் போர்வையில் பாடிய அப்சலோமும் அகிதோபலும் என்னும் அங்கதக் காவியம் நாடெங்கும் பரவியது. தாமஸ் ஷாட்வெல் என்னும் சக நாடகாசிரியரை எள்ளி நகையாடிய பாடல் 1682இல் அச்சேறியது.

1685இல் கத்தோலிக்கராகிய இரண்டாம் ஜேம்சு அரியணை ஏறினார். டிரைடனும் கத்தோலிக்கச் சமயம் தழுவினார். பதவிக்காக மாறினார் என்று பகைவர் தூற்றினர். 1688இல் புரட்சி நிகழ்ந்து, புராட்டஸ்டண்டு அரசராகிய மூன்றாம் வில்லியம் ஆட்சிக்கு வந்தார். மறுபடியும் மாறியிருந்தால் பதவி நிலைத்திருக்கும். டிரைடன் மாறவில்லை, புதிய அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்தார். அரசவைக் கவிஞர் பதவி பறிபோயிற்று. அப்பதவியைப் பெற்றவர் அவர் எள்ளிப் பாடிய அதே ஷாட்வெல். ஊதியத்தையும் சிறப்பையும் இழந்து சமயத்தைக் காத்துக்கொண்ட செயலே அவர் நேர்மைக்குச் சான்றாக நிற்கிறது.

இறுதி ஆண்டுகள்

அறுபது அகவைக்கு மேல் எழுதுகோலையே நம்பி வாழும் நிலை அவருக்கு ஏற்பட்டது. பதிப்பாளர் ஜேக்கப் டான்சனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வர்ஜிலின் நூல்கள் அனைத்தையும் ஆங்கிலத்தில் பாடினார். முன்பணம் செலுத்திப் பதிவு செய்தோரின் ஆதரவில் 1697இல் அது வெளிவந்தது. நூலை வில்லியம் மன்னருக்கு உரிமையாக்க வேண்டும் என்பது டான்சனின் விருப்பம். டிரைடன் இசையவில்லை. பதிப்பாளரோ நூலிலுள்ள படங்களில் காவியத் தலைவன் ஏனியாஸின் மூக்கை மன்னரின் மூக்கைப் போல வளைத்துத் திருத்தச் செய்தார். எழுத்தில் வளையாதவரைப் படத்தில் வளைக்க நேர்ந்த கதை இது.

அந்நாட்களில் அவர் நாள்தோறும் வில்ஸ் காப்பிக்கடையில் வீற்றிருப்பார். குளிர்காலத்தில் கணப்பின் அருகிலும் கோடையில் மாடிமுகப்பிலும் அவருக்கென ஒரு நாற்காலி இருந்தது என்பர். இளங்கவிஞர் அவரைச் சூழ்ந்தனர். சிறுவனாக இருந்த அலெக்சாண்டர் போப் அங்குதான் அவரைக் கண்டதாகக் கூறுவர்.

1700ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய இறுதிப் பெருநூலாகிய கதைத் தொகுதி வெளிவந்தது. ஹோமர், ஓவிட், பொக்காச்சியோ ஆகியோருடன், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆங்கிலப் பெருங்கவிஞர் சாசரின் கதைகளையும் அவர் தம் காலத்து ஆங்கிலத்தில் வடித்தார். அதன் முன்னுரையில் சாசரை ஆங்கிலக் கவிதையின் தந்தையாக வணங்கினார். உரோமானியப் புலவர் ஓவிடோடு ஒப்பிட்டுச் சாசருக்கே முதன்மை தந்தார். இளமையில் முந்தைய தலைமுறையைத் திருந்தாதது என்று பாடியவர், முதுமையில் அதற்கும் முந்தைய தலைமுறையின் வளத்தைக் கண்டு வியந்தார். இலத்தீனைக் கொண்டு ஆங்கிலத்தை அளந்தவர், ஆங்கிலப் புலவரை இலத்தீன் புலவர்க்கு மேலாக வைத்ததும் அம்முன்னுரையிலேதான்.

இரு திங்களுக்குள், 1700ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், இலண்டன் சோஹோவில் ஜெரார்டு தெருவிலுள்ள தம் இல்லத்தில் டிரைடன் காலமானார். முதலில் அணித்தேயுள்ள ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல், சில நாட்களில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சாசரின் கல்லறைப் பகுதியில் வைக்கப்பட்டது.

ஐயம் விதியான வரலாறு

டிரைடன் மறைந்தார், அவருடைய ஐயம் மறையவில்லை. 1646இலேயே ஜோஷுவா பூல் என்பாரின் பள்ளி இலக்கணத்தில் இக்கருத்தின் சாயல் உண்டென அண்மைக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயினும் ஒரு பெரும்புலவரின் வாயிலாக வந்தபோதே அதற்கு வலிமை பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கணவாதிகள் அதனை எடுத்தாண்டனர். 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லௌத் மென்மையாகவே கூறினார். உயர்ந்த நடைக்குச் சிறுசொல்லை முன்னே வைத்தல் அழகு. பேச்சுக்கும் எளிய நடைக்கும் ஈற்றில் வைத்தலே வழக்கு என்பது அவர் கருத்து. இதனைக் கூறிய அவருடைய வாக்கியமும் ஈற்றில் முன்னிடைச்சொல்லையே கொண்டிருந்தது. 1795இல் லிண்ட்லி முர்ரே தம் இலக்கணத்தில் லௌத்தின் கருத்தை எடுத்துக்கொண்டபோது, அவ்வாக்கியத்தையும் திருத்தி, சிறுசொல்லை முன்னே நகர்த்தினார். டிரைடன் தமக்குத் தாமே செய்துகொண்டதை முர்ரே பிறர்க்குச் செய்தார். முர்ரேயின் நூல் அட்லாண்டிக் பெருங்கடலின் இருபுறமும் பள்ளிதோறும் பரவியது. நயமாகச் சொல்லப்பட்டது நாளடைவில் விதியாயிற்று. விதி பின்னர் ஆசிரியரின் சிவப்பு மையாயிற்று.

1926இல் ஆங்கில வழக்ககராதி வெளியிட்ட ஃபௌலர், இவ்விதியை ஒரு மூடநம்பிக்கை என்று ஒதுக்கி, மொழியின் இயல்பான நெகிழ்ச்சியைப் போற்றினார். பின்வந்த வழக்கு நூல்கள் பெரும்பாலும் அவர் வழியையே பின்பற்றின. எனினும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஈற்றில் முன்னிடைச்சொல் வருதல் பிழையன்று என்று அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதியார் நினைவூட்டியபோது, பலர் வெகுண்டு மறுத்தனர். இலக்கண ஆய்வாளர் கைவிட்ட விதியைப் பள்ளியில் அடிபட்டுக் கற்றவர் கைவிடவில்லை.

டிரைடன் விட்டுச்சென்ற செல்வங்கள் இரண்டு. ஒன்று, இயல்பான பேச்சின் ஓட்டத்தில் அமைந்த உரைநடை. சாமுவேல் ஜான்சன் அவரை ஆங்கிலத் திறனாய்வின் தந்தை என மதிக்கக் காரணமாயிருந்த நடை அதுவே. மற்றொன்று, எழுதி முடித்துப் புகழ் பெற்ற நூலையும் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் எடுத்து ஐயத்தோடு மீண்டும் படித்த நேர்மை. அவர் கண்ட விடை பிழையாக இருக்கலாம். வேற்றுமொழியின் அளவுகோலால் தாய்மொழியை அளந்தது பொருந்தாததாக இருக்கலாம். ஆயினும் பிறர் எழுத்தில் கண்ட குற்றத்தைத் தம் எழுத்திலும் தேடிய அந்த மனம் பெரிது. பின்வந்தோர் அவருடைய விடையை மனப்பாடம் செய்தனர்; அவருடைய வினாவை மறந்தனர். அந்த வினாவைத் தம் எழுத்தின்மீது எழுப்பும் எழுத்தாளரே டிரைடனின் உண்மையான வழித்தோன்றல் ஆவார்.